பொத்தானை விட்டால்தான்

ஞாயிறு காலை ஒன்பது பத்துக்கு
நிலம் நடுங்குவதென்று தீர்மானம்.
பிரதேச செயலாளர் கையொப்பம் வைத்து
உப்புவெளிச் சந்தியில் ஒட்டியிருந்தார்கள்,
மீன் விலைப் பலகைக்குப் பக்கத்தில்.

இங்கே எங்கே நடுங்கும் என்று
பாரைமீன் வெட்டிக்கொண்டே கேட்டார் ஒருவர்.
கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும்
ஏழு சூடு வைத்திருக்கிற நிலம் இது.
கீழே என்ன சமையலென்று
யார் மூடி திறந்து பார்த்தது?

சங்கக்கடையில் கணக்கெழுதுகிறவள் நான்.
போன மாசியில்தான் சோதனை பாஸ்பண்ணி
கொழும்பிலிருந்து லைசென்ஸ் வந்தது.
இன்றைக்கு நான் கட்டுப்பாட்டு நிலையம்:
ஒரு மேசை, ஒரு லொறிப் பற்றறி,
வேம்புக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையில்
இழுத்துக் கட்டிய செப்புக் கம்பி.
முதலில் மாடிப்படிக்குக் கீழேதான் போட்டேன்.
"மிஸ், முதல்ல விழுறது அதுதான்" என்றது
எட்டாம் வகுப்புப் பிள்ளையொன்று.
மைதானத்துக்கு இழுத்தோம்.

கம்பியைக் கண்டதும்
எதிர்வீட்டு ஞானசௌந்தரி படலையைச் சாத்தினா.
கூரைக்குமேல் கம்பி தெரிந்தால்
கேள்வியில்லாமல் ஏற்றிக்கொண்டுபோன காலத்தில்
அவவின் தம்பி கட்டியது
உடுப்புக் காயப்போடும் கொடி.
அன்று காய்ந்த சாரத்தை
மூன்று நாளாய் யாரும் எடுக்கவில்லையாம்.
லைசென்ஸைக் காட்டினேன், முத்திரையைக் காட்டினேன்.
"அடையாள அட்டை அவனிட்டையும் இருந்தது, பிள்ளை."

ஒன்பது பத்து. மணி.
பிள்ளைகள் மேசைக்கடியில், மேசைக்காலைப் பிடித்தபடி.
ஒருவன் அங்கேயே மாங்காய் தின்றான்.
பயிற்சி, பயிற்சி, பயிற்சி என்று சொல்லி
ஒவ்வொரு நிலையமாய்க் கூப்பிட்டேன்.

கிண்ணியா. இம்தியாஸ், ஓட்டோவின் பற்றறியில்:
"பாலத்தில வெடிப்பு, பயிற்சிக்கு.
ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் வேணும், பயிற்சிக்கு.
வெயில் கொளுத்துது, அது உண்மை. ஓவர்."
சீனக்குடா. ருவன்திக்கா,
மேட்டுக்கு வந்தவர்கள் நூற்று நாற்பது என்று
தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம்,
பிறகு தன் தமிழில் சந்தேகப்பட்டு
இலக்கம் இலக்கமாய்: ஒன்று, நாலு, பூச்சியம்.

மூதூர்.
மூதூர்.
மூதூர், கேட்குதா?

இரைச்சல் மட்டும். எண்ணெயில் கடுகு போல.
கடல் ஏறிய அந்த மார்கழியில்
எனக்குப் பதினொரு வயசு.
சல்லியில் அம்மா ஒரே இலக்கத்தை
அழுத்தி அழுத்திப் பார்த்தா.
ஊரெல்லாம் ஒரே நேரம் அழுத்தியதில்
ஒருவருக்கும் போகவில்லை.

இந்தக் கருவி வேறு மாதிரி.
பொத்தானை அழுத்தியிருக்கும்வரை
நீ கதைக்கலாம், கேட்க முடியாது.
இரண்டுபேர் சேர்ந்து அழுத்தினால்
இருவரும் இல்லை, கீச்சென்றொரு சத்தம்.
கதைத்து முடித்து விரலை எடுக்கவேணும்.
எங்கள் ஊருக்கு இதை யாராவது
முந்தியே படிப்பித்திருக்கலாம்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு மூச்சிரைக்க ஒரு குரல்:
"மூதூர், ஜெஸீமா. மன்னிச்சிக்கோங்க,
பெட்டறிய ராவு கலியாண ஊட்டுக்குத்
தூக்கிட்டுப் போயிட்டாங்க.
பாட்டுப் பெட்டியில இருந்து கழட்டிட்டு வாறன். ஓவர்."
கிண்ணியா சிரித்தது. சீனக்குடா சிரித்தது.
எல்லோரும் ஒன்றாய் அழுத்திச் சிரித்ததில்
எனக்குக் கீச்சென்ற சத்தம்தான் கேட்டது.
பதிவேட்டில் எழுதினேன்:
மூதூர், முப்பத்தொரு நிமிடம் தாமதம்.
காரணம், கலியாணம்.

கம்பியைச் சுருட்ட எழும்பும்போது
ஞானசௌந்தரி மேசையடியில் நின்றா.
"இதில கதைச்சா எவ்வளவு தூரம் போகும்?"
வானம் சரியாயிருந்தால், இரவில், கடல் தாண்டியும்.
"போறது கிடக்கட்டும்.
அங்கால ஆரும் கதைச்சா
இங்க கேட்குமோ?"

செவிக்கருவியை அவவின் தலையில் மாட்டி
விரலை எடுத்தேன்.
கூட்டங்கூட்டமாய்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.
பயிற்சி முடிவு, பத்து பத்து என்று எழுதி
கோடும் கீறிவிட்டேன்.
அவ இன்னும் கேட்டுக்கொண்டிருந்தா.